தின்னர் வாசம் இல்லாத காம்பரா

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில், காம்பரா என்கிற அறைகளுக்கு நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி, போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் வரைக்கும் வெறும் காற்றுதான். கட்டிய துரைமாருக்குச் செங்கல் மிச்சம். எங்களுக்கு ரகசியம் என்று எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் நாங்கள் வெறும் சோற்றையே ஒரு பிடி கூடச் சாப்பிடுவோம். நானும் என் வீட்டுக்காரரும் வாய்ச்சண்டை போட்டால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் தீர்ப்புச் சொல்லும். பெரும்பாலும் எனக்குச் சாதகமாகத்தான் சொல்லும் என்பதால் நான் இதைப் பற்றிப் புகார் செய்ததில்லை.

அக்கா எனக்கு இரத்த உறவு இல்லை. பக்கத்துக் காம்பராவில் அவரும் அவர் வீட்டுக்காரரும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள். என்னைத் தங்கச்சி என்றும், என் வீட்டுக்காரரைத் தம்பி என்றும் கூப்பிடுவார். கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே எங்கள் வாசலில் நின்று, "தம்பி சாப்பிட்டுச்சா?" என்று கேட்கிற ஆள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதாக நினைவில்லை.

அந்தத் தம்பியின் இருமல் எங்கள் லயத்தின் பொதுச் சொத்தாக இருந்தது. படுத்ததும் தொடங்கும். முதலில் தொண்டையைச் செருமுவதுபோல் ஒன்று, பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு வரிசை. அப்புறம் விசில் மாதிரி ஒரு மூச்சு. சுவருக்கு மேலே அக்காவின் குரல் வரும்: "தங்கச்சி, சுடுதண்ணி வச்சிக் குடும்மா." நான் எழும்பி வைப்பேன். இப்படியே பழகிவிட்டது. மழை பெய்கிறது, நாய் குரைக்கிறது, அவர் இருமுகிறார் என்று எல்லோரும் அதற்குள்ளேயே தூங்கக் கற்றுக்கொண்டோம்.

இருமல் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் வீட்டுக்காரர் கிட்டார் செய்கிறவர். கலியாணத்துக்கு முன்னால் கொழும்பில், வாத்தியங்கள் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் இருந்தார். கலியாணம் என்றதும், மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கொழும்பு வெக்கையில் எனக்கு மூச்சு முட்டும் என்றேன். அவர் உளியையும் இழைப்புளியையும் சாக்கில் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். உடைந்த அலுமாரிக் கதவுகளை வாங்கி, மகோகனியாக இருந்தால் கிட்டார் ஆக்குவார். முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணைதான் பட்டறை. கோயில் பஜனைக் கோஷ்டி, சர்ச் பாட்டுக் குழு, கலியாண வீட்டு பேண்ட் என்று ஹட்டனிலிருந்து திம்புள்ள வரைக்கும் ஆட்கள் வருவார்கள். நிறையச் செய்ய மாட்டார். செய்ததைத் தடவிப் பார்த்தால் கை எடுக்க மனம் வராது.

அந்த வழுவழுப்புக்குத்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். மகோகனியைப் பார்க்க நைசாக இருந்தாலும் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துவாரம், நம் கைத்தோலில் மயிர்க்கால் இருப்பதுபோல. அதை அடைக்காமல் மேலே பாலிஷ் போட்டால், காய்ந்த பிறகு அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகத் தெரியும். அவர் அடைத்த விதம் பழைய விதம். சீலரைத் தின்னரில் கரைத்து, பின்பக்கத்துக் காம்பராவில் கதவுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு, மூக்கில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடிப்பார். தேய்ப்பார். மறுபடி அடிப்பார். வெளியே வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம். அன்றைக்கு எங்கள் சோறு, எங்கள் கம்பளி, என் தலைமுடி எல்லாமே தின்னர் மணக்கும்.

போன வருஷம் இருமலோடு இரத்தம் ஒரு பொட்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் சின்ன வயசுப் பெண், சிங்களத்தில் பேசினார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சொன்னதும், "அந்த மணம் இனி வேண்டாம். குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்கிறேன். நெஞ்சு இன்னும் கொஞ்சம்தான் தாங்கும்" என்றார். இவர் தலையை ஆட்டினார். பஸ் ஏறி வந்தோம். டவுனில் இறங்கியதும், "அப்ப கிட்டாரையே நிப்பாட்டிற வேண்டியதுதான்" என்றார். சாப்பாட்டை நிறுத்துகிறேன் என்று சொல்கிற மாதிரி இருந்தது அது.

ஆனால் அந்த நிறுத்தம் நிலைக்கவில்லை. ஒரு மாதம் மூலையில் உட்கார்ந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பொகவந்தலாவையிலிருந்து அந்த டீச்சர் வந்தார். சங்கீதம் படிப்பிக்கிறவர், இடதுகைப் பழக்கம். கடையில் வாங்கிய கிட்டாரில் நரம்பை மாற்றிக் கட்டி, தலைகீழாகப் பிடித்து இத்தனை வருஷம் வாசித்திருக்கிறார். "சின்ன வயசுல சோத்துக் கைய மாத்தச் சொன்னாங்க, மாத்துனேன். எழுதுற கைய மாத்தச் சொன்னாங்க, மாத்துனேன். இந்தக் கையவாவது விடலாம்னு பாக்குறேன் அண்ணே" என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழும்பிப் பலகையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மரவேலை முடிந்தால் அடுத்தது சாக்கும் லேஞ்சியும்தானே.

அடுத்த சம்பளத்துக்கு டவுனுக்குப் போனபோது நாங்கள் நானா என்று கூப்பிடும் ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் பெரியவரிடம் நேராகப் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"நானா, இனிமே எங்க வீட்டுக்காரருக்குத் தின்னர் விக்காதீங்க."

நானா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "நான் விக்காட்டி அடுத்த கடைக்காரன் விப்பான் தங்கச்சி. அவன் கலப்படமும் சேத்து விப்பான்."

"அப்ப அவரு நெஞ்சு?"

நானா மேசையில் இருந்த ஆணிகளைக் கையால் ஒதுக்கினார். பிறகு, "ஓட்டை அடைக்கிறதுக்குத் தண்ணியில செய்ற ஃபில்லர் ஒண்டு ஈக்கிது. மணம் இல்ல. பூசக்குள்ள பால் மாதிரி, காய்ஞ்சா கண்ணாடி. கொழும்புல கிட்டார் செய்ற ஆக்கள் எடுக்கிறாங்க. சொல்லி எடுத்துத் தாரன்" என்றார். மேலே பூசுகிற பாலிஷும் அதே வகையில் இருக்கிறதாம். அடுத்த லொறியில் இரண்டு போத்தலும் வந்தன. அதற்குள் கிட்டாரின் உடம்பும் தயாராகியிருந்தது.

என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"ஒண்ணுமே மணக்கலியே. இதென்ன மருந்து?"

"மணக்காததுதாங்க மருந்தே."

"மரத்துக்குத் தண்ணிதான் எதிரி. அது உள்ள போயிறக் கூடாதுன்னுதான் பாலிஷே போடுறது. நீ எதிரிய வெத்தல பாக்கு வச்சிக் கூப்புட்டு உள்ள உக்கார வைக்கச் சொல்ற."

நானும் விடவில்லை. பேச்சு ஏறியது. கடைசியில் அவர் போத்தலை என் பக்கம் தள்ளினார். "நான் இதத் தொட மாட்டேன். நீயே பூசு. சரிவந்தா சரி. வரலன்னா நான் என் டின்னத் தொறப்பேன். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது." அவர் டின் கட்டிலுக்குக் கீழே இருந்தது, பாதிக்கு மேல் தின்னரோடு. அந்தப் பந்தயத்தில் நான் வைத்தது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வீம்பு.

தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிற எனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஃபில்லரைக் கொட்டி, பழைய போன் ரீலோட் கார்ட் ஒன்றால் மரத்தின் ரேகைக்குச் சாய்வாக அழுத்தி இழுத்தேன். துவாரத்துக்குள் போய் உட்கார வேண்டும், மேலே மிச்சம் நிற்கக் கூடாது. கிட்டாரின் முதுகு முழுக்கத் தயிர் பூசியதுபோல் ஆகிவிட்டது. அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரத்துல கட்டியா நிக்கிது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நானும் சுவரைப் பார்த்தே, "தெரியுது" என்றேன்.

காய்வதுதான் பாடாக இருந்தது. போத்தலில் சீக்கிரம் காயும் என்று போட்டிருந்தது. எழுதியவர் எங்கள் பக்கம் வந்திருக்க மாட்டார். இங்கே துவைத்த சட்டையே மூன்றாம் நாள் அரை ஈரத்தோடு மேலே ஏறும். மத்தியானம் தாண்டினால் பனிமூட்டம் வாசல்படி ஏறி உள்ளே வந்துவிடும். தொட்டால் பிசுபிசுப்பு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்கிறதைச் செய்தேன். எங்களுக்கு எது காயவில்லை என்றாலும் இடம் ஒன்றுதான், அடுப்புக்கு மேலே. விறகு, பிள்ளைத்துணி, மழைக்கோட்டு, பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் அங்கேதான் காயும். கிட்டாரைப் பழைய சீலையில் சுற்றி, விறகு அடுக்கும் தட்டிலே தூக்கி வைத்தேன். நல்ல கணகணப்பு. விடிந்து பார்த்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. தேய்த்தேன், மாவாக உதிர்ந்தது. மறுபடி பூசி, மறுபடி அடுப்புக்கு மேலே. பிறகு பாலிஷும் போட்டேன். குசினி பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் அப்படி ஒரு பளபளப்பு. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது என்று அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் அபூர்வமாக வெயில் அடித்தது. வாசலுக்குக் கொண்டு வந்தேன். மகோகனியின் சிவப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கோதுமை மாவை மேலே தூவிவிட்டதுபோல, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு பொட்டு. துடைத்தேன். போகவில்லை. எல்லாம் பாலிஷுக்கு அடியில் இருந்தது.

அவர் வந்து பார்த்தார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். அவர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார், "பரவால்ல. நீயும் பாடுபட்டுத்தான் பாத்த" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே குனிந்தார்.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியாது. அவருக்கு முன்னால் நான் டின்னை இழுத்தெடுத்து, நடுவீட்டில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி."

"மாட்டேன்."

"பேசுன பேச்சு என்ன? எந்திரி புள்ள."

"நீங்க செத்துப்போனா அந்த டீச்சரா வந்து எனக்கு ஆறுதல் சொல்லப் போறாங்க?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. டின்னில் உட்கார்ந்து அழுகிற பெண்பிள்ளையைத் தூக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சுவருக்கு மேலே தீர்ப்பு வந்தது. "தம்பி, இன்னொருக்காப் பாக்கட்டுமே. விடுங்க."

அவர் வெளியே போய்விட்டார். டின் மட்டும் கட்டிலுக்குக் கீழே திரும்பிப் போனது.

எனக்கு வழி தெரிந்தது அந்த வாரத்தில், வேலை செய்கிற இடத்தில். ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு மழையில் நனைந்த கொழுந்து வந்திருந்தது. மாடியில் நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து காற்று விட்டு வாட்டுவோம். புதிதாக வந்த ஒருத்தர் சீக்கிரம் வாடட்டும் என்று எடுத்த எடுப்பில் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டார். டீ மேக்கர் ஐயா படியேறி வந்தார், ஒரு கை கொழுந்தை அள்ளினார், கத்தத் தொடங்கினார். "மேல மொறுமொறுன்னு இருக்கு, காம்பப் பாரு, தண்ணி! மொதல்ல சும்மா காத்து விட்டு ஈரத்த இழுக்கணும்னு எத்தன தரம் சொல்றது?"

அவர் கத்தியது அந்த ஆளைப் பார்த்து. எனக்குத்தான் உறைத்தது. இதைத்தானே நான் என் குசினியில் செய்தேன்? கொழுந்து வாட்டத்தில் நான் யாரையும் செய்ய விடாத பிழையைக் கிட்டாருக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அடுப்புச் சூட்டில் மேல்தோல் இறுகிப்போய், உள்ளே இருந்த ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல் அப்படியே வெள்ளையாக உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கொழுந்தில் கண்ணே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பாலிஷைச் சுரண்டத் தொடங்கினேன். பிளேட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். இஸ்தோப்பில் இருந்தவருக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

"மரத்தத் தோலுரிக்கிற மாதிரி உரிக்கிற. குடு இங்க." பிடுங்கிக்கொண்டார். தொட மாட்டேன் என்று சொன்ன ஆள், அந்த வெள்ளையை அடிவரைக்கும் எடுத்து, சாண்ட் பேப்பர் போட்டு, கன்னம் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இதோட என் வேல முடிஞ்சிச்சு" என்று மறுபடி போய் உட்கார்ந்தார்.

எனக்கு இப்போது வேண்டியிருந்தது காற்று. எங்கள் லயத்தில் யார் வீட்டிலும் ஃபேன் கிடையாது. கம்பளி போர்த்துக்கொண்டு தூங்குகிற ஊரில் ஃபேன் எதற்கு? நானா கடைக்குப் போனேன்.

"மேசையில வைக்கிற ஃபேன் ஒண்ணு வேணும் நானா. கொஞ்ச நாளைக்கு இரவலா."

நானா சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஹட்டன்ல ஃபேன் கேட்டு வந்த மொதல் ஆள் நீங்கதான் தங்கச்சி. கொழும்புக்காரன் தெரியாமப் போட்டு அனுப்பினது, எத்தினயோ காலமாக் கெடக்கு." மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, மரத்துக்குக் கலர் வேண்டுமென்றால் தேயிலைச் சாயம் பூசிப் பார்க்கலாமே என்றும் ஒரு யோசனை சொன்னார். "எங்க வீட்ல எல்லாத்துலயும் தேயிலதான் நானா. இதயாவது விட்டு வைங்க" என்றேன்.

பஸ்ஸில் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். லயத்தில் இறங்கியதிலிருந்து கேலி. "என்ன, வேர்க்குதா?" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி. அக்கா மட்டும் வயரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

இந்த முறை மெல்லிசாகப் பூசினேன். கார்ட்டில் வருகிற மிச்சம் முழுக்க வழித்தெடுத்தேன். காற்று பூச்சில் நேரே அடிக்காமல் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகிற மாதிரி ஃபேனை வைத்தேன். பனி ஏறுகிற நேரத்துக்கு முன்னால் கதவை அடைத்துவிடுவேன். அடுப்புப் பக்கம் கொண்டே போகவில்லை. காய்ந்ததா என்று விரலால் பார்க்கவில்லை. கொழுந்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி கிட்டாரின் முதுகில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சி விட்டு, வெறும் மரத்தைத் தொடுகிற மாதிரி ஆனால்தான் அடுத்த கைப் பூச்சு. அந்த நிலை வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்ப் போய் வந்தது.

அவரும் எத்தனை நாளைக்குத்தான் வேறு பக்கம் பார்ப்பார்? முதலில் கதவருகே வந்து நின்றார். பிறகு உள்ளே வந்து பெட்டியில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் பாலிஷ் வேலை நடந்தால் அந்தக் காம்பராவில் ஒரு நாளைக்கு யாராலும் நிற்க முடியாது. இப்போது அவர் அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார், கழுத்துப் பலகையைச் செதுக்கினார், என்னைக் குறை சொன்னார். "நீ கிட்டாரக் கொஞ்சுறியா, காயுதான்னு பாக்குறியா?" என்று கேட்பார். கடைசிக் கை பூசும்போது கார்ட் அவர் கையில்தான் இருந்தது. எப்போது என்னிடமிருந்து மாறியது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. அந்தப் பூச்சு அமுங்கி அடங்கட்டும் என்று நாட்கணக்கில் விட்டு வைத்தது, பாலிஷ் போட்டது, நரம்பு கட்டியது எல்லாம் அவர் வேலை. லேஞ்சியை அவர் தேடவே இல்லை. நான் அதைக் கைப்பிடித் துணியாக அடுப்படியில் போட்டுவிட்டேன்.

டீச்சர் வந்த அன்றும் வெயில் இருந்தது. நான் கிட்டாரை வாசலுக்குக் கொண்டு போனேன். சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். குழி இல்லை, வெள்ளை இல்லை. மரத்தின் ரேகை தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி தெளிவாகக் கிடந்தது. டீச்சர் படியில் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தன் கைக்கு நேராக ஒரு கிட்டாரைப் பிடித்தார். கொஞ்ச நேரம் வாசிக்கவே இல்லை, சும்மா கட்டிக்கொண்டிருந்தார். வாசித்தபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

டீச்சர் போன பிறகு நான் என் வீட்டுக்காரர் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "இப்ப என்ன சொல்றீங்க?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா சத்தம் போடாத. ஒரு மழக்காலம் தாங்கட்டும். தாங்குனா அப்புறம் பாப்போம்."

"அப்ப டின்னு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். சோறா கேக்குது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பாடுபட்டும் அந்த மனுஷன் கட்டிலுக்கு அடியில் தன் எமனைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குச் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்துவிட்டேன்.

விடியற்காலையில் கதவு இடிந்துவிடுகிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் அக்கா. தலை வாராமல், சீலையை அள்ளிச் சொருகிக்கொண்டு, முகம் வெளிறிப்போய். பின்னால் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி அவர் வீட்டுக்காரர். அவருக்கும் பின்னால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட பெண்கள் கூடையோடு நின்றார்கள்.

"தம்பி எங்க?"

"தூங்குறாருக்கா. ஏன்?"

"எழுப்பு."

"என்னக்கா ஆச்சு?"

"எழுப்புடி மொதல்ல!" அக்கா என்னை ஒருநாளும் டி போட்டதில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கட்டிலுக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் தலையோடு கம்பளியைப் போர்த்து, சுவர்ப் பக்கம் திரும்பி, அசையாமல் கிடந்தார். அக்கா கையை நீட்டினார், தொடவில்லை. என்ன என்று தெரியாமலேயே பயந்தேன். ஓடிப்போய்க் கம்பளியை இழுத்தேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். "என்ன, பெரட்ட இன்னக்கி இங்கயா போடுறாங்க?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அவர் வீட்டுக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ராத்திரி நீ இருமவே இல்லியேப்பா. இந்த மனுசி தூங்கல, என்னயும் தூங்க விடல. செவுத்துல காத வச்சிக்கிட்டே கெடந்தோம். விடியற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல."

"கொஞ்ச நாளா கொறஞ்சிக்கிட்டேதான் வந்திச்சு" என்றார் அக்கா, அழுகைக்கு நடுவில். "ஆனா ஒண்ணுமே இல்லாம இருந்தா நாங்க என்னன்னு நெனைக்கிறது?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சுடுதண்ணி வைக்க நான் கடைசியாக எப்போது எழும்பினேன்? யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கன்னத்தைக் கிட்டாரில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவரின் நெஞ்சில் விசில் நின்றது தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்திருக்கிறது.

"வேணும்னா ஒரு தடவ இருமிக் காட்டவாக்கா?" என்றார் அவர். பெண்கள் சிரித்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயக் கழுவு" என்று திட்டினார். என் வீட்டுக்காரரும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு முழுசாக வரவில்லை. பிறகு கட்டிலுக்குக் கீழே கையை விட்டு டின்னை இழுத்து என் காலடியில் வைத்தார்.

"நானாகிட்டத் திருப்பிக் குடுத்துரு. அந்த ஃபேன நம்மளே வச்சிக்கிறோம்னு சொல்லு."

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் கலைந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். அக்கா மட்டும் எழும்பவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் குடிக்காமல், தம்பியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.